சேவியர்ராஜ் போட்ட ரோடு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் பஸ்ஸில் ஏறி எங்கள் ஊரில் இறங்கினால் கதவில்லாத ஒன்பது கொட்டகைகளைப் பார்க்கலாம். உள்ளே ஆடும் கிடையாது, மாடும் கிடையாது. மூன்றடி மட்டும் புதைத்து மூடி போட்ட ஐந்து போர் குழாய்கள் இருக்கின்றன. மரவள்ளிக்கு நடுவில் மாஞ்செடி, மாஞ்செடிக்கு நடுவில் தேக்கு, தேக்குக்கு நடுவில் தென்னம்பிள்ளை என்று மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கும் தோப்புகளும் உண்டு. வெளியூர்க்காரர்கள் இறங்கி நின்று, இது என்ன விவசாயம் என்று கேட்கிறார்கள். இது விவசாயமே இல்லை. இருநூற்று நாற்பத்தேழு கிராம் எடையுள்ள ஒரு பொருள் எங்கள் ஊருக்கு மேலே நாலு மாதம் பறந்தது, அவ்வளவுதான்.

அதைச் செய்து பறக்கவிட்டவன் என் சினேகிதன் சேவியர்ராஜ். வயது நாற்பத்தேழு. கள்ளக்குறிச்சியில் ஒரு சர்க்கார் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். நிலங்களின் படங்களையும் பழைய கோப்புகளையும் அடுக்கி வைத்து, கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்து, திரும்பவும் வாங்கி அடுக்குகிற வேலை. அந்த அலுவலகத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான், சிவசங்கர். இருவருக்கும் ஒரே ஊர், காலையில் ஒரே பஸ், மத்தியானம் என் கடையில் ஒரே பாயில் சாப்பாடு.

சேவியர்ராஜ் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் என்று சொன்னால் போதாது, சட்டமே கொஞ்சம் கூச்சப்படும் அளவுக்குக் கட்டுப்பட்டவன். பஸ்ஸில் கண்டக்டர் மறந்துபோனாலும் இவனே கூப்பிட்டு டிக்கெட் வாங்குவான். கல்யாணப் பந்தியில் இரண்டாவது ஜாங்கிரி கேட்க மாட்டான். இப்படிப்பட்ட ஆள், எலவனாசூர்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, வீடியோக்காரர் மண்டபத்துக்கு வெளியே டிரோன் விட்டதைப் பார்த்துவிட்டான். எல்லோரும் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்க, இவன் வீடியோக்காரரின் முதுகுக்குப் பின்னால் நின்று அவர் கையில் இருந்த திரையையே பார்த்தான். முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, மொய் எழுதுகிறவர் மூட்டை கட்டும்வரை நின்றான். அன்றோடு ஆள் போய்விட்டான்.

அவன் செய்ய நினைத்தது கல்யாண டிரோன் இல்லை. கண்ணில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு, மேலே பறப்பதன் மூக்கில் இருக்கும் கேமரா பார்ப்பதைத் தானும் பார்த்தபடி ஓட்டுகிற வகை. படம் பிடிக்காது, சேமிக்காது. பார்த்தது பார்த்ததுதான். கடையில் வாங்காமல் நான்கு மோட்டாரையும் ஒரு கேமராவையும் மற்ற சாமான்களையும் தனித்தனியாகத் தபாலில் வரவழைத்து, வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தானே பூட்டினான். முதல் வண்டிக்கு உடம்பு பழைய கேரம் போர்டு. நாலடி எழும்பி, குப்புறக் கவிழ்ந்து, அவன் மனைவி உபகாரமேரி வாசலில் காயவைத்திருந்த மிளகாய்க்குள் தலையை விட்டு அரைத்தது. தெருவே அரை மணி நேரம் தும்மியது. இரண்டாவது வண்டி மாதா கோயில் ஒலிபெருக்கிக் குழாய்க்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாவது தென்னை மரத்தில் மாட்டியது. மரம் ஏறுகிறவர் பாதி தூரம் ஏறி, அதில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்து, வந்த வேகத்தைவிட வேகமாக இறங்கிவிட்டார்.

நான்காவதுதான் உருப்பட்டது. அதற்குள் மூன்று வருடம் ஓடிவிட்டது. அந்த மூன்று வருடமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என் கடையில்தான் பற்றவைப்பு வேலை. அவன் பற்றவைக்க, நான் ஒயரைப் பிடித்துக்கொள்வேன். எடை இருநூற்றைம்பது கிராமுக்குள் இருந்தால் பொழுதுபோக்குக்கு விட அனுமதி வேண்டாம் என்று எங்கோ படித்திருந்தான். அதை உறுதி செய்ய அடகுக்கடைத் தராசில் வைத்து எடை போட்டான். அந்தக் கடைக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக உரசிப் பார்க்காமல் ஒரு பொருளைத் திருப்பிக் கொடுத்தார்.

தினமும் ஐந்தரைக்கு வேலையிலிருந்து வந்ததும் ஏரிக்கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருவான். பெட்டியைக் கண்ணில் கட்டிக்கொள்வான். வண்டி கிளம்பும். அது இடது பக்கம் திரும்பினால் இவனும் நாற்காலியோடு இடது பக்கம் சாய்வான். அது மேலே ஏறினால் மோவாயைத் தூக்குவான். இறங்கினால் இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொள்வான். தண்ணீர்க் குடத்தோடு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். சிலர் கும்பிட்டுவிட்டும் போனார்கள்.

"இன்னாங்க, ஜனங்க சிரிக்கிறாங்க. சாமி வந்தாப்பல ஆடறீங்களாம்" என்று உபகாரமேரி ஒருநாள் கேட்டாள்.

"திரும்பும்போது ஒடம்பு தானா சாயுது மேரி."

"திரும்பறது அது. நீங்க கீழதான குந்திக்கினு இருக்கீங்க?"

அவளிடம் சொல்லாததை என்னிடம் ஒருமுறை சொன்னான். "சங்கரு, பெட்டிய மாட்டினா நான் அங்கதான்டா இருக்கேன். தொப்ப இல்ல, முட்டி வலி இல்ல. கல்ராயன் மலை எதுக்க வந்து நிக்குது. என்னமோ எனக்காவ நிக்கற மாதிரி இருக்குது." சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. எனக்கு என்ன இருக்கிறது, ஒரு ஜெராக்ஸ் மெஷின்.

அவன் தினமும் ஒரே பாதையில்தான் பறப்பான். ஏரிக்கரையில் கிளம்பி, அமிர்தத்தின் மரவள்ளிக்கு மேலே நேராகப் போய், பக்கத்து நிலத்துக்காரி பெரியநாயகியின் புளியமரத்தை வலது பக்கமாகச் சுற்றி, மலையடிவாரம்வரை போய்த் திரும்புவான். புளியமரத்துக்குப் பின்னால் போனால் படம் விட்டுவிட்டு வரும், அதனால்தான் அந்தச் சுற்று. வேறொரு காரணமும் இல்லை. இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அரங்கநாதன் ஒரு சாயங்காலம் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினார். நிலம் வாங்கி விற்றுத் தருகிற ஆள். சட்டைப் பையில் எப்போதும் நாலு பேருடைய பட்டா நகல் இருக்கும். சேவியர்ராஜ் சாய்வதையும் நிமிர்வதையும் பத்து நிமிடம் பார்த்தார். பிறகு டீக்கடைக்கு வந்து ஒரு கேள்விதான் கேட்டார்.

"நெலத்துப் படமெல்லாம் வெச்சிருக்கிற ஆபீஸ்ல வேல செய்யறவன், தெனம் ஒரே லைன்ல டிரோன் வுடறான். கவர்மெண்ட் ஆளு எதுக்குப்பா சும்மா வுடுவான்?"

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது கள்ளக்குறிச்சியிலிருந்து மலைமேல் இருக்கிற வெள்ளிமலைக்கு நாலு வழிச் சாலை ஆகிவிட்டது. திங்கட்கிழமை அதற்கு நடுவில் செடி வைப்பதா, விளக்குக் கம்பம் வைப்பதா என்று டீக்கடையில் சண்டை.

எங்கள் பக்கத்தில் ரோட்டுக்கு நிலம் எடுக்கிறார்கள் என்று மூக்கில் வாசம் பட்டாலே போதும். மரத்துக்குத் தனி, கொட்டகைக்குத் தனி, கிணறு, போருக்குத் தனி என்று நஷ்டஈடு உண்டு. அதனால் சேவியர்ராஜ் பறந்த கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் காடு முளைத்தது. தண்ணீரே இல்லாத இடத்தில் போர் குழாய் எழுந்தது. ஒருவர் வரப்பில் செங்கல்லை நட்டு மஞ்சள் பூசினார், கோயில் இருந்தால் ரோடு விலகும் என்று. அடுத்த வயல்காரர் அதைப் பிடுங்கித் தன் வயலின் அந்தக் கோடியில் நட்டார், விலகுகிற ரோடு தன் பக்கம் வரட்டும் என்று. புளியமரத்தில் பாதை வளைந்ததற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். பெரியநாயகி மேலிடத்தில் கவனித்துவிட்டாளாம். அவளுக்குத் தெரிந்த மேலிடம் மாடிவீட்டு அத்தை மட்டும்தான். ஆனால் அவள் மறுக்கவில்லை. "ஏதோ நம்மால முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நியாயவிலைக் கடை வரிசையில் அவளை முன்னால் விட்டார்கள்.

நானும் நாற்பது தேக்கு நட்டேன்.

ஆமாம். ஒயர் பிடித்தவன், அடகுக்கடைக்குக் கூடவே போனவன், அந்தப் பொருளுக்குள் எந்தத் திருகாணி எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன், நானும் நட்டேன். பக்கத்து நிலத்துக்காரன் நடுகிறான், எதிர் நிலத்துக்காரன் நடுகிறான், நான் மட்டும் வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்? ஒருவேளை நிஜமாகவே ரோடு வந்துவிட்டால்? என்னைத் திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நான் திட்டிக்கொண்டதைவிட அதிகமாக யாரும் திட்டிவிட முடியாது.

சேவியர்ராஜ் முதலில் இதையெல்லாம் சிரித்துத் தள்ளினான். சிரிப்பு நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பதிவறை ஜன்னலில் அமிர்தம் வந்து நின்றாள்.

அமிர்தம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் உதவியாளர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகு காலம். அந்த அறுபது செண்ட் நிலம் அவளாக வாங்கியது. அடுப்பு ஊதிய காசில் வாங்கி, இருபத்தாறு வருடமாகத் தானே களையெடுத்துத் தானே கொத்தி, மரவள்ளியும் கம்புமாகப் போட்டு எடுக்கிற நிலம். அவளுக்கு வீட்டைவிட அதுதான் வீடு. அந்த நிலத்தின் பட நகல் வேண்டும் என்று மனு கொடுத்தாள்.

"எதுக்குங்க்கா?" என்று கேட்டான் சேவியர்ராஜ்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கெழம கிரயம். அரங்கநாதன் அண்ணன் வாங்கிக்கிறாரு."

"எதுக்குங்க்கா விக்கறீங்க?"

"நல்லா கேட்ட போ. நீதான மேல ரோடு போடற? கவர்மெண்டு எடுத்துக்கினா கோர்ட்டு கீர்ட்டுனு பத்து வருஷம் அலையணுமாம். என்னால ஆவுமா? வந்த வரைக்கும் போதும்னு குடுத்துடறேன்."

சேவியர்ராஜ் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு ஓடி வந்தான். கையில் அவளுடைய மனு. வாழ்க்கையில் முதல்முறையாக ஆபீஸ் காகிதம் ஒன்றை ஆபீஸுக்கு வெளியே கொண்டுவந்திருக்கிறான், அது அவனுக்கே தெரியவில்லை. "சங்கரு, என்னால அந்தம்மா நெலத்த விக்கப் போவுதுடா" என்றான். கண் கலங்கியிருந்தது. கையில் இருந்தது எட்டு வேலை நாள். அதற்குள் ரோடு இல்லை என்று ஊரை நம்பவைக்க வேண்டும். இதிலென்ன கஷ்டம், இல்லாததை இல்லை என்று சொல்லப் போகிறோம் என்றுதான் இருவரும் நினைத்தோம்.

அவன் முதலில் ஓர் அறிவிப்பு எழுதினான். இருபத்திரண்டு வருட ஆபீஸ் கை, வேறு மாதிரி எழுத வருமா? மேலே "பெறுநர்: ஊர் பொதுமக்கள்" என்று போட்டான். அடுத்து "பொருள்: பறக்கும் சாதனம், சாலை இல்லாமை குறித்து" என்று எழுதினான். "பார்வை: பொதுமக்களின் வாய்மொழிக் கருத்துகள்" என்றும் சேர்த்தான். கீழே "மேற்படி சாதனத்தின் வாயிலாகச் சாலை ஏதும் உத்தேசிக்கப்படவில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது." பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டினோம். அரை மணி நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது.

"பொருள், பார்வை எல்லாம் போட்டு வந்துடுச்சிப்பா" என்றார்கள்.

"உத்தேசிக்கப்படவில்லைனா இன்னா அர்த்தம்? இப்போதைக்கு இல்ல, எலெக்சனுக்கு அப்பால வரும்னு அர்த்தம்" என்று அரங்கநாதன் விளக்கம் கொடுத்தார். அதுவரை சந்தேகமாக இருந்த நாலு பேரும் அன்று மாலையே மாஞ்செடி வாங்கக் கிளம்பினார்கள்.

சரி, எந்த ரோடும் போக முடியாத மாதிரி பறப்போம் என்று சேவியர்ராஜ் முடிவு செய்தான். வியாழக்கிழமை வண்டியை வானத்தில் மூன்று குட்டிக்கரணம் அடிக்க வைத்தான். மேம்பாலம் என்றார்கள். வெள்ளிக்கிழமை ஏரித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே, கொக்குகள் சிதறிப் பறக்க, இக்கரையிலிருந்து அக்கரைக்கு விட்டான். பாலம் என்றார்கள். சனிக்கிழமை மலையடிவாரப் பாறையை முட்டுகிற மாதிரி போய்ச் சட்டென்று திருப்பினான். மலையைக் குடைந்து உள்ளே ரோடு, இனிமேல் வெள்ளிமலைக்குக் கால் மணி நேரம் என்றார்கள். மலையிலிருந்து கடுக்காய் கொண்டுவந்து விற்கிற அம்மாசி என்பவர், "கொண்டை ஊசி வளைவெல்லாம் எடுத்துடுவாங்களா சார்? பஸ்ல எனக்கு வாந்தி வருது" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரே இடத்தில் பதினான்கு சுற்று சுற்றினான். அது ரவுண்டானா.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பறக்கவே இல்லை. நாற்காலியைக்கூட வெளியே எடுக்கவில்லை. சர்வே முடிந்துவிட்டது, கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் நானும் அவனும் அமிர்தத்தின் நிலத்துக்கே நேராகப் போனோம். அவள் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளில் விற்கப் போகிற நிலத்துக்கு யாராவது மண் அணைப்பார்களா? அவள் அணைத்துக்கொண்டிருந்தாள். சேவியர்ராஜ் வண்டியை அவளிடம் காட்டி, எது மோட்டார், எது கேமரா என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினான். நான் சும்மா ஆசைக்குச் செய்தேன், இதை வைத்து ஒரு முழம்கூட அளக்க முடியாது என்றான். ரோடே கிடையாது, கிரயம் பண்ணாதீங்க என்று கெஞ்சினான். அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பொறுமையாகக் கேட்டாள். பிறகு என்னைக் கைகாட்டி அவனிடம் கேட்டாள்.

"இவரு உன் சினேகிதக்காரருதான? கூடவே இருந்து செஞ்சாருனு சொல்ற. அப்ப இவரு எதுக்குப்பா நாப்பது தேக்கு நட்டாரு?"

சேவியர்ராஜ் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு நான் நட்டது தெரியாது. அவனிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருந்தேன், மேலேயிருந்து பார்த்த அத்தனை செடிகளில் என் செடியை அவன் பிரித்துப் பார்த்திருக்கவும் இல்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இவர பாத்துதான்பா நானே நம்பனேன்" என்றாள் அமிர்தம். "அரங்கநாதன் சொன்னப்பகூட பாதிதான் நம்பனேன். அப்பால சிவசங்கர் நிலத்துல செடி நிக்கறத பாத்தேன். கூட இருக்கிறவரு, தெரியாமலா நடுவாருன்னு முழுசா நம்பிட்டேன்."

மலைப் பக்கமிருந்து காற்று வந்து மரவள்ளி இலைகள் சலசலத்தன. அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள்.

"சத்துணவு கூடத்துல ஒரு அண்டா ஓட்டயாயி நாலு வருஷம் ஆவுது. தூக்கிப் போட முடியல. ஆடிட்டுக்கு வந்தா காட்டணும், எழுதி வாங்கணும், மேல இருந்து ஆர்டர் வரணும். வெங்காயம் போட்டு வெச்சிக்கினு இருக்கேன். சர்க்கார் பொருள ஒடைக்க எந்த ஆபீசருக்கும் தைரியம் வராது, அது எனக்கு தெரியும். இது நெஜமா உன்னுதா?"

"என்னுதுதாங்க்கா."

"அப்ப ஒடை. ஊருக்கு எதிர்ல ஒடை. ஒடச்சிட்டா நம்பறேன், கிரயத்துக்கு போவ மாட்டேன்."

திரும்பி வரும்போது வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். உனக்கென்ன பைத்தியமா, மூன்று வருட உழைப்பு, அவள் விற்றால் விற்றுவிட்டுப் போகட்டும், நீயா விற்கச் சொன்னாய் என்றேன். வெட்கம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அவன் வீட்டு வாசலில் நின்று ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "நீ போயி தேக்க பிடுங்குடா."

வியாழக்கிழமை விடிந்ததும் முதல் வேலையாக நாற்பதையும் பிடுங்கினேன். பாலுக்குப் போன ஜனம் நின்று பார்த்தது. சிவசங்கருக்கு நஷ்டஈடு வந்துவிட்டது, அதுதான் மரத்தை அகற்றுகிறார் என்று எட்டு மணிக்குள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள். அரங்கநாதன் வீட்டுக்கு மூன்று பேர் ஓடினார்கள்.

அன்று சாயங்காலம் அமிர்தத்தின் நிலத்து வரப்பில் திருவிழாக் கூட்டம். ஏதோ அதிகாரி வருகிறார் என்று சிலர் புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்கள். பெரியநாயகிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். சேவியர்ராஜ் தன் நாற்காலியைக் கொண்டுவந்து அமிர்தத்தின் களத்து ஓரத்தில் போட்டான். "கடைசியா ஒரு தடவ வுட்டுக்கிறேங்க்கா" என்று அவளிடம் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டான். வண்டி கிர்ரென்று எழும்பியது. அன்றைக்கும் அவன் சட்டப்படி போகக்கூடிய உயரத்தைத் தாண்டவில்லை, எனக்குத் தெரியும், ரிமோட்டில் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைவரை போனான். திரும்பி வந்து ஏரியைச் சுற்றினான். நாற்காலியில் சாய்ந்தான், நிமிர்ந்தான், ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தான். எதைப் பார்த்துச் சிரித்தான் என்று தெரியவில்லை. கீழே இருநூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம், எங்களைப் பார்த்தும் சிரித்திருக்கலாம். பதினெட்டு நிமிடம் கழித்து அமிர்தத்தின் காலடியில், ஒரு சாண் பிசகாமல் இறக்கினான்.

பெட்டியைக் கழற்றிவிட்டு எழுந்தான். முதலில் பேட்டரியைப் பிரித்துத் தனியே வைத்தான், அடிபட்டால் தீப்பிடிக்கும் என்று. பிறகு அமிர்தத்தின் மண்வெட்டியை வாங்கி, அதன் பின்பக்கத்தால் ஓங்கி ஒரு போடு போட்டான்.

வண்டி உடையவில்லை. கொத்திவிட்ட மண் மெத்தையாக இருந்ததால் உள்ளே புதைந்து மறுபடி எட்டிப் பார்த்தது. மூன்று வருடம் உடையாமல் இருப்பதற்கென்றே செய்த பொருள் அல்லவா! எங்கள் ஊர் ஜனம் சும்மா இருக்குமா, யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டது. "ஓரத்துல போடு" என்றார் ஒருவர். "நடுவுல மெல்லிசா இருக்குது பாரு, அங்க" என்றார் இன்னொருவர். அமிர்தமே போய் வாய்க்காலில் துணி துவைக்கிற கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து போட்டாள். சேவியர்ராஜ் வண்டியைக் கல்மேல் வைத்து, குனிந்து அதன் மேல் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்தான். துடைத்துவிட்டு அடித்தான்.

இரண்டாவது அடியில் ஒரு கை முறிந்தது. மூன்றாவதில் கேமரா தெறித்தது. அதற்குப் பிறகு அவன் எண்ணிக்கை இல்லாமல் அடித்தான். யோசனை சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். அரங்கநாதன் மட்டும் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டிருந்தார், யாராவது ஒரு ரெஜிஸ்டரோடு வந்து கையெழுத்து வாங்குவார்கள் என்று. யாரும் வரவில்லை.

"ஒரு பேப்பர்ல எழுதலயே" என்றார் யாரோ, பயந்த குரலில்.

"எழுதாம ஒடச்சிட்டான்பா. அப்ப நெஜமாவே சொந்தம்தான்."

"அப்ப ரோடு?"

ஒரு சாவு வீட்டில் பிணத்தைத் தூக்கிய பிறகு இருக்குமே, அப்படி ஓர் அமைதி. பிறகுதான் ஒப்பாரி. கொட்டகைக்குப் புது ஓடு போட்டவர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நாலு வழி ரோட்ட ஒரு கல்லுல வெச்சி ஒடச்சிட்டானே" என்று ஒரு கிழவர் நிஜமாகவே கண்ணீர் விட்டார். இல்லாத ரோட்டுக்காக எங்கள் ஊர் அழுததை நான் என் இரண்டு கண்ணால் பார்த்தேன். அம்மாசி, "அப்ப அந்த வளைவெல்லாம் அப்படியே இருக்குமா சார்?" என்று என்னிடம் கேட்டார். பெரியநாயகி நாற்காலியிலிருந்து எழுந்து, புடவையை உதறி, "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்துவிட்டு நடந்தாள்.

"அண்ணே, நாளைக்கு நான் வரல. களை நெறய இருக்குது" என்று அமிர்தம் அரங்கநாதனிடம் சொன்னாள். அவர் பையிலிருந்த நகல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். சேவியர்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், மண்வெட்டி மடியில் கிடந்தது. எனக்கு அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது, சொல்கிற யோக்கியதை இல்லை. அமிர்தம் குனிந்து, மண்ணுக்குள் சிதறிக் கிடந்ததை ஒவ்வொன்றாகத் தேடிப் பொறுக்கினாள். றெக்கைத் துண்டு, ஒயர், நகக்கண் அளவு திருகாணி. ஒன்று விடாமல் முந்தானையில் சேர்த்துக்கொண்டு வந்து அவன் முன்னால் நின்றாள்.

"உன்னுதுதான்பா" என்றாள்.

"ஆமாங்க்கா, என்னுதுதான்" என்றான் சேவியர்ராஜ். எழுந்து இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். அவள் முந்தானையைச் சரித்து அதில் கொட்டினாள்.